நினைவில் இல்லாத அழுகை

எங்கள் குடியிருப்பில் ஒவ்வொரு வசந்தத்திலும் ஒரு சனிக்கிழமை டுக்னாட் நடக்கும். மாரி முழுவதும் வழுக்காமல் இருக்கக் கொட்டிய சரளைக்கல், பனி கரைந்ததும் புல்லிலும் நடைபாதையிலும் கிடக்கும். குடியிருப்பவர்கள் எல்லோரும் கீழே இறங்கி, கூலி இல்லாமல், அதைக் கூட்டி அள்ளவேண்டும். முடிவில் வாஃபிளும் கோப்பியும் கிடைக்கும். நோர்வேயில் இந்த ட்வெய்ட்டாவுக்குக் குடிவந்த காலத்திலிருந்து என் கணவர் அதைத் தவறவிட்டதில்லை. அவர் பஸ் ஓட்டுகிறவர். கிழமை முழுக்க இருந்த இருப்பிலேயே வேலை என்பதால், குனிந்து நிமிர்ந்து செய்கிற வேலை கிடைத்தால் அவருக்குச் சந்தோசம்.

அந்த வருடம் நான் கீழே போகவில்லை. துரொண்ட்ஹெய்மில் படிக்கிற மகள் முதல்நாள் வீட்டுக்கு வந்திருந்தாள். அவளுக்குக் கணவாய்க்கறி என்றால் உயிர். நான் குசினியில் கணவாய் கழுவிக்கொண்டிருந்தேன். அவள் மேசையில் இருந்து வெங்காயம் உரித்தபடி, தன்னோடு ஒரே வீட்டில் தங்கியிருக்கிற பிள்ளை எதையும் கழுவாமல் போட்டுவிட்டுப் போகிற கதையைச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

கதவு திறந்த சத்தம் கேட்டது. ஆனால் உள்ளே வருகிற சத்தம் இல்லை. எட்டிப் பார்த்தேன். சப்பாத்தைக் கழற்றாமல், கூட்டிக்கொண்டிருந்த தும்புத்தடியையும் கையில் பிடித்தபடி, வாசலிலேயே நின்றார். வேறு யாருடைய வீட்டையோ தெரியாமல் திறந்துவிட்டவர்போல ஒரு முகம்.

இது என்னத்துக்குத் தன் கையில் இருக்கிறது என்று கேட்டார். பகிடி விடுகிறார் என்று நினைத்தேன். கூட்டப் போனனீங்கள் எல்லே, என்றேன். ஆர் கூட்டச் சொன்னது என்றார். பிறகு மகளைப் பார்த்து, எப்போது தலைமயிரை இவ்வளவு கட்டையாக வெட்டினாய் என்று கேட்டார். அவள் அதை வெட்டி இரண்டு வருடம் இருக்கும். அவள் உரித்த வெங்காயத்தைக் கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

நான் முதியோர் இல்லத்தில் பராமரிப்பு வேலை செய்கிறவள். அதனால் பக்கவாதமோ என்று முதலில் வாயைத்தான் பார்த்தேன். கோணவில்லை. கையைப் பிடித்து, இறுக்கிப் பிடியுங்கோ என்றேன். நோகிற அளவுக்கு இறுக்கினார். சொற்கள் தெளிவாக வந்தன. ஆனால் அவர் கண்கள் ஒரு இடத்தில் நிற்கவில்லை. சுவரில் இருந்து சுவருக்குப் போய், திரும்பி என்னிடம் வந்தன.

"இண்டைக்கு என்ன கிழமை?"

"சனி."

சனி என்ற சொல் அவருக்குப் பிடிமானம்போல் இருந்தது. முகம் கொஞ்சம் தெளிந்தது.

"அம்மாவுக்கு எடுத்தனானோ?"

சனிக்கிழமைகளில் மத்தியானம் சாப்பிட்ட கையோடு யாழ்ப்பாணத்துக்குத் தொலைபேசி எடுப்பது அவருடைய பழக்கம். நாங்கள் கலியாணம் செய்த நாளிலிருந்து அந்தப் பழக்கம் இருந்தது. மாமி முந்திய ஐப்பசியில் இறந்தபோதுதான் அது நின்றது.

பயத்தில் எனக்குக் கோபம்தான் வந்தது. யோசிக்காமல் சொன்னேன்.

"என்னப்பா கதைக்கிறியள்? மாமி போய் எத்தினை மாசம்."

"எங்கை போனவ?"

அவர் அதைக் கேட்ட விதம் இன்றைக்கும் என் காதில் இருக்கிறது. சந்தைக்குப் போனவளோ, கோயிலுக்குப் போனவளோ என்று கேட்கிற ஒரு மகனின் குரல். போய்விட்டார் என்று எத்தனை பேருக்கு எத்தனை தடவை சொல்லியிருப்போம். அப்படிச் சொன்னால் ஒருவர் எங்கே என்று திருப்பிக் கேட்கலாம் என்பதே எனக்குத் தோன்றியதில்லை. நான் பேசாமல் நின்றேன். பேசாமல் நின்றதே அவருக்குப் போதுமாக இருந்திருக்கவேண்டும்.

"அம்மா செத்துப்போனாவோ?"

ஓம் என்றேன்.

தும்புத்தடி விழுந்தது. அவர் சுவரோடு வழுகி, சப்பாத்து அடுக்குகிற இடத்தில் அப்படியே இருந்துவிட்டார். வாயைத் திறந்து அழுதார். சத்தம் முதலில் வரவில்லை. வந்தபோது, அந்த மனிதருக்குள் அப்படி ஒரு சத்தம் இருந்தது என்பது எனக்கே தெரியாது. அம்மா, அம்மா என்று நெற்றியில் கையால் அடித்தார். மகள் ஓடிவந்து அந்தக் கையைப் பிடித்தாள்.

கொள்ளி ஆர் வைத்தது என்று கேட்டார். தம்பி என்று சொன்னேன்.

"நான் எங்கை நிண்டனான்?"

"இஞ்சைதான். இந்தக் கதிரையிலை இருந்து போனிலை பாத்துக்கொண்டிருந்தனீங்கள்."

அவர் திரும்பி வரவேற்பறைக் கதிரையைப் பார்த்தார். அதில் இன்னும் யாரோ இருப்பதுபோல் பார்த்தார்.

அது நடந்தது அப்படித்தான். வெளிநாட்டுப் பிள்ளைகள் வரும்வரை தன்னைப் பெட்டியில் வைத்துக் காத்திருக்கவேண்டாம் என்று மாமி முன்கூட்டியே சொல்லி வைத்திருந்தார். ஊரில் அவர் சொல்லை மீற ஆளில்லை. இவர் விமானச்சீட்டுத் தேடிக்கொண்டிருக்கும்போதே அங்கே பறை முழங்கத் தொடங்கிவிட்டது. மச்சான் ஒருவர் கைத்தொலைபேசியைச் சுடலைவரைக்கும் தூக்கிக்கொண்டு நடந்தார். தம்பி கொள்ளிக்குடத்தோடு சுற்றி வருகிற இடத்தில் படம் உறைந்துபோனது. தம்பியின் முதுகு மட்டும் தெரிந்தது. இவர் அந்த உறைந்த முதுகையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எழும்பிப் போய்த் தான் குடித்த தேத்தண்ணிக் கோப்பையைக் கழுவிக் கவிழ்த்தார். அழவில்லை. முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு இங்கே கோயிலில் பூசை வைத்துச் சாப்பாடு கொடுத்தோம். அப்போதும் வந்தவர்களுக்குப் பாயசம் ஊற்றிக்கொண்டு திரிந்தார். நான் அவர் அழுவார் என்று காத்திருந்தேன். பிறகு காத்திருப்பதையும் விட்டுவிட்டேன்.

இப்போது அழுதார். நான் அவருடைய தலையை மடியில் வைத்துக்கொண்டு இருந்தேன். கணவாய் கழுவிய கை மணத்தது. எவ்வளவு நேரம் என்று தெரியாது. அழுகை மெல்ல இறங்கியது. மூச்சு சீரானது. பிறகு தலையைத் தூக்கித் தன் ஈரக் கையைப் பார்த்தார். காலைப் பார்த்தார்.

"நான் ஏன் சப்பாத்தோடை நிலத்திலை இருக்கிறன்?" என்றார். "இண்டைக்கு என்ன கிழமை?"

மகளுக்கு என்னைவிட முதலில் விளங்கிவிட்டது. அவள் அவசர சேவைக்குத் தொலைபேசி எடுத்தாள். அந்தப் பக்கம் இருந்தவர் கேட்டதை எல்லாம் அவரிடம் செய்யச் சொன்னாள். இரண்டு கையையும் தூக்குங்கோ அப்பா. தூக்கினார். ஒருக்காச் சிரியுங்கோ அப்பா. கன்னமெல்லாம் ஈரமாக இருக்க, ஏன் என்று தெரியாமல், பிள்ளை கேட்டதற்காகச் சிரித்தார். நேரான, வடிவான சிரிப்பு.

அம்புலன்ஸ் வருவதற்குள் மறுபடியும் கேட்டார். அம்மாவுக்கு எடுத்தனானோ? நான் வாயைத் திறந்தேன். என்ன சொல்லப்போகிறேன் என்று எனக்கே தெரியவில்லை. அவர் என் முகத்தைப் பார்த்தே விசயத்தைப் பிடித்துவிட்டார். மறுபடியும் அதே கேள்வி, அதே அழுகை, அதே ஈரக் கை. அதுதான் முதல்தடவை என்பதுபோல. அவருக்கு அது முதல்தடவைதான்.

முதியோர் இல்லத்தில் என் பொறுப்பில் இருக்கிற ஒரு அம்மா, தன் தாய் எப்போது வருவா என்று ஒவ்வொரு நாளும் கேட்பா. அவவுக்கே தொண்ணூறைத் தாண்டிவிட்டது. நாங்கள் யாரும் அவவைத் திருத்துவதில்லை. உங்கள் அம்மா எப்படிப்பட்டவர், சொல்லுங்கள் என்று கேட்டுப் பேச்சை மாற்றிவிடுவோம். அப்படித்தான் எங்களுக்குப் பழக்கியிருக்கிறார்கள், நானும் அதைச் சிரித்த முகத்தோடு செய்வேன். ஆனால் அன்று என் சொந்த வீட்டு வாசலில், தமிழில், எனக்கு அது வரவில்லை. நோர்வேஜிய மொழியில் அது என் வேலையாக இருந்தது. தமிழில் அது பொய்யாக இருந்தது. அதுவும் செத்த மனிசியை வைத்துச் சொல்கிற பொய்.

ஆஸ்பத்திரியில் அவர் பெயரையும் பிறந்த திகதியையும் தடக்காமல் சொன்னார். வருடத்தைப் பிழையாகச் சொன்னார். மருத்துவர் ஒரு இளம் பெண். மூன்று சொற்களைச் சொல்லி நினைவில் வைத்திருக்கச் சொன்னார். கொஞ்சம் கழித்துக் கேட்டபோது, சொற்களை மட்டுமல்ல, அந்தப் பெண்ணையே அவர் அப்போதுதான் பார்ப்பதுபோல் வணக்கம் சொன்னார். தலையைப் படம் பிடித்தார்கள். இரத்தம் எடுத்தார்கள். காந்தக் குழாய்க்குள் விட்டு மறுபடியும் படம் பிடித்தார்கள். ஒன்றிலும் ஒன்றுமில்லை என்றார்கள்.

படங்களுக்கு இடையில் ஒரு சிறிய அறையில் காத்திருந்தோம். யன்னலுக்கு வெளியே நல்ல வெயில். கட்டிலில் சாய்ந்திருந்தவர் மறுபடியும் கிழமையைக் கேட்டார். அடுத்த கேள்வி வருமுன் நான் யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். என் முகத்தை அவர் பார்க்கக்கூடாது என்று.

அவர் கேட்டார். மகள் பதில் சொன்னாள்.

"அப்பம்மா நித்திரை, அப்பா. அங்கை இருண்டிட்டுது."

"அப்பிடியோ? எழுப்பவேண்டாம். நாளைக்கு எடுப்பம்."

அவ்வளவுதான். தலையணையில் தலையை வைத்துக்கொண்டார்.

சின்ன வயதில், ஊசி நோகாது என்று நான் சொன்னதற்காக என்னோடு இரண்டு நாள் கதைக்காமல் இருந்த பிள்ளை இவள். பொய் சொல்லக்கூடாது என்பது அவளுக்கு இந்த நாட்டுப் பள்ளிக்கூடத்தில் படிப்பித்த பாடமல்ல, பிறவிக்குணம். அவள் அப்பாவின் காலடியில் இருந்துகொண்டு, அவர் கேட்கும்போதெல்லாம் அதைச் சொன்னாள். சில தடவை அவர் வேறும் கேட்டார். அம்மாவின் முழங்கால் நோ எப்படியாம்? பரவாயில்லையாம் அப்பா. தம்பி கொண்டுபோய்க் காட்டினவனாமோ? ஓம் அப்பா, எண்ணெய் குடுத்தவையாம். மாமரம் இந்தமுறை காய்ச்சதோ? நல்லாக் காய்ச்சதாம்.

அவளுக்கு அந்த மாமரம் படத்தில்தான் தெரியும்.

நான் யன்னலைப் பார்த்தபடி கேட்டுக்கொண்டு நின்றேன். அந்த அறையில் மாமி உயிரோடு இருந்தார். முழங்காலில் எண்ணெய் பூசிக்கொண்டு, வேளைக்குப் படுத்துவிட்டார். காலையில் எழும்புவார். நானும் ஒரு கணம் அதை நம்பினேன் என்று சொல்ல எனக்கு வெட்கமில்லை. என் மாமி என்னோடு அன்பாக இருந்த மனிசி.

பின்னேரம் சாப்பாடு கொண்டுவந்தார்கள். அவித்த மீனும் உருளைக்கிழங்கும். இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டு, உப்பில்லை என்றார். பிறகு, கீழே தும்புத்தடியைத் திருப்பிக் கொடுத்தோமா என்று கேட்டார். அது குடியிருப்புக்குச் சொந்தமானது, அவர்கள் தேடுவார்கள் என்றார். மகள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். தும்புத்தடி பிடித்துக் கூட்டியது காலையில். அது அவருக்குத் தெரிந்திருக்கிறது.

நான் காத்திருந்தேன். இனிக் கிழமையைக் கேட்பார், பிறகு அம்மாவைக் கேட்பார். கேட்கவில்லை. சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவைத்தார். யன்னலைப் பார்த்தார். இன்னும் நேரம் போனது. கேட்கவில்லை. நினைவு திரும்பிவிட்டது என்று எனக்கு அப்படித்தான் தெரிந்தது. நான் கும்பிட்ட தெய்வமெல்லாம் கேட்டதைக் கொடுத்துவிட்டது. சந்தோசப்பட்டிருக்கவேண்டும். ஆனால் அந்தக் கேள்வி இனி வராது என்று உறுதியான நேரம், மகள் எழும்பி முகம் கழுவப் போய்விட்டாள். போனவள் திரும்பிவர நேரமெடுத்தது. அவ்வளவு நேரமும் அப்பம்மாவைத் தூக்கிவைத்திருந்தது அவள்தான். இறக்கி வைக்கவேண்டியவளும் அவளாகிப்போனாள்.

அடுத்த நாள் அந்த மருத்துவர் வந்து விளக்கினார். அதற்கு நீளமான ஒரு பெயர் இருந்தது. மூளை சில மணிநேரத்துக்குப் புதிதாக எதையும் பதிந்துகொள்ளாமல் விட்டுவிடுமாம். பிறகு தானாகவே சரியாகிவிடுமாம். பக்கவாதம் இல்லை, மறதிநோயின் தொடக்கம் இல்லை, மறுபடியும் வருவது அரிது. ஆனாலும் கொஞ்சக் காலத்துக்கு பஸ் ஓட்டவேண்டாம் என்றார். ஏன் வந்தது என்று என் கணவர் கேட்டார். குனிந்து வேலை செய்ததாலா, குளிராலா, ஏதும் யோசனையாலா? அந்தப் பெண் கொஞ்சமும் கூச்சப்படாமல், "வீ வெட் இக்கெ" என்றார். எங்களுக்குத் தெரியாது. இந்த ஊர் மருத்துவர்களுக்கு அதைச் சொல்ல ஒரு தயக்கமும் இல்லை. அது நேர்மைதான். ஆனால் அதை வீட்டுக்குக் கொண்டுபோய் எங்கே வைப்பது என்றுதான் எனக்குத் தெரியவில்லை.

மருத்துவர்களுக்குத் தெரியாததெல்லாம் மற்றவர்களுக்குத் தெரிந்திருந்தது. கண்ணூறு என்றார்கள். சீனி வருத்தம் என்றார்கள். வெயில் காணாத உடம்பு என்றார்கள். கீழ்வீட்டில் கோயம்புத்தூர்ப் பிள்ளை ஒன்று இருக்கிறாள், ஆராய்ச்சி வேலைக்கு வந்தவள். அம்புலன்ஸைப் பார்த்துப் பதறிப்போய், ரசம் வைத்து எடுத்துக்கொண்டு வந்தாள். "சாருக்கு ஸ்ட்ரெஸ்ஸா இருக்கும் ஆன்ட்டி, நல்லா ரெஸ்ட் எடுக்கட்டும்" என்றாள். பஸ் ஓட்டுகிற மனிதரை அவள் சார் என்பது இவருக்கு எப்போதும் வேடிக்கை. அன்றும் சிரித்தார். ஊரிலிருந்து தம்பி எடுத்தபோது மட்டும் சிரிக்கவில்லை. அம்மாவுக்கு ஒரு சொட்டுக் கண்ணீர் விடாத மனிசன், அதுதான் உள்ளே நின்று அமத்திப்போட்டுது என்று தம்பி சொல்லியிருக்கிறார். தம்பி சொன்னது கோபத்தில் அல்ல, கவலையில்தான். இவர் அதை என்னிடம் ஒப்பித்துவிட்டு, தொலைபேசியை மேசையில் வைத்தார்.

அதன்பிறகு எங்கள் வீட்டில் கேள்வி கேட்பது கடினமாகிவிட்டது. உப்பு எங்கே என்று அவர் இரண்டாம் தடவை கேட்டால் நான் பயந்து அவர் முகத்தைப் பார்ப்பேன். அவருக்கும் அது தெரியும். அதனால் கேட்காமல் தானே தேடுவார். தேடுகிற சத்தம் கேட்டால் அதற்கும் பயம். மகள் துரொண்ட்ஹெய்மிலிருந்து எடுத்து, நேற்று என்ன சாப்பிட்டனீங்கள் அப்பா, எந்தப் படம் பார்த்தனீங்கள் என்று கேட்பாள். சோதிப்பது தெரியாமல் சோதிப்பதாக அவளுக்கு எண்ணம். அவர் பரீட்சைக்கு நிற்கிற மாணவனைப்போல், கறிகளை வரிசையாகச் சொல்லி முடிப்பார்.

வேலைக்குப் போகாத அந்தக் காலத்தில் பின்னேரங்களில் இருவரும் எஸ்டன்ஷோ ஏரிப் பக்கம் நடப்போம். ஒருநாள் நடந்துகொண்டிருக்கும்போது கேட்டார்.

"அண்டைக்கு நான் என்ன கதைச்சனான்? ஒருத்தரும் சொல்லுறியள் இல்லை."

கிழமையைக் கேட்டீர்கள் என்று மகள் சொல்லியிருந்தாள். நானும் அதையே சொல்லியிருக்கலாம். ஏரியில் வாத்துகள் குஞ்சுகளோடு போய்க்கொண்டிருந்தன. அவர் நின்றுவிட்டார்.

"அழுதனீங்கள்," என்றேன்.

"என்னத்துக்கு?"

"மாமிக்கு."

அவர் தண்ணீர்ப் பக்கம் திரும்பினார். பிறகு, "வடிவா அழுதனானோ?" என்று கேட்டார்.

"ஓம். வடிவா அழுதனீங்கள்."

எப்படி என்று கேட்டார். சொன்னேன். சுவரோடு வழுகி இருந்ததைச் சொன்னேன். அம்மா என்று கூப்பிட்டதைச் சொன்னேன். நெற்றியில் அடித்ததையும், கொள்ளி வைத்தது ஆர் என்று கேட்டதையும் சொன்னேன். வேறொருவருடைய செத்தவீட்டைப் பற்றிக் கேட்பதுபோல் கவனமாகக் கேட்டார். இடையில், அதுக்குப் பிறகு, அதுக்குப் பிறகு என்றார். தன்னிடம் இல்லாத ஒன்றை என்னிடமிருந்து பொறுக்கி எடுக்கப் பார்த்தார். நான் சொல்லச் சொல்ல, அது அவருக்குள் எங்கேயாவது போய் ஒட்டாதா என்று நானும் முகத்தைப் பார்த்தேன். ஒட்டவில்லை.

"எனக்கு ஒண்டும் ஞாபகம் வரேல்லை," என்றார். கொஞ்சம் கழித்து, "பிள்ளையும் பாத்தவளோ?" என்றார்.

"ஓம். என்ரை கையை விட அவளின்ரை கைதான் உங்களைப் பிடிச்சுக்கொண்டிருந்தது."

"பயந்திருப்பாள்."

"பயந்தவள்தான்."

ஆஸ்பத்திரி அறையில் அவள் சொன்னவற்றை நான் சொல்லவில்லை. அது அவளுடையது. சொல்வதானால் அவள்தான் சொல்லவேண்டும்.

வீட்டுக்கு வந்ததும் அவர் சப்பாத்தைக் கழற்றிவிட்டு நேரே படுக்கையறைக்குப் போய் மகளுக்கு எடுத்தார். கதவைச் சாத்திக்கொண்டார். நான் இரவுச் சாப்பாட்டுக்கு அரிசி களையத் தொடங்கினேன். முதலில் அவருடைய குரல் கேட்டது. பிறகு அது நின்று, ஸ்பீக்கரில் அவள் மாமரம், முழங்கால் என்று நீளமாகச் சொல்லிக்கொண்டு போவதும், இவர் இடைக்கிடை ம் கொட்டுவதும் கேட்டது. பிறகு ம் கொட்டுவதும் நின்றது. அரிசி எப்போதோ களைந்து முடிந்துவிட்டது. அது அவர்கள் இரண்டு பேருக்குமானது என்று, நான் குழாயை இன்னும் கொஞ்சம் திறந்துவிட்டு, தண்ணீர் ஓட விட்டபடி நின்றேன்.